வேலிக்காத்தானும் வேலியும்

பழைய தோட்டமொன்றை வாங்கிச் சீர்செய்தவர்களின் எழுத்துகள் அண்மைக் காலத்தில் பெருகிவருகின்றன. பெரும்பாலானவை இரண்டு புகைப்படங்களுக்கு நடுவே எழுதப்பட்டவை. முதற்படத்தில் முட்புதர், இரண்டாவதில் நீர் தெளிந்த கிணறும் வரிசை பிசகாமல் நட்ட தென்னங்கன்றுகளும். இடைப்பட்ட நாட்களில் நடந்தது என்னவென்று தேடினால் 'சுத்தம் செய்தோம்' என்ற ஒற்றை வாக்கியம்தான் கிடைக்கும். இந்தச் 'சுத்தம்' என்ற சொல்லோடுதான் எங்களுக்குப் பிணக்கு. பிணங்குவதற்கு எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தத் தவற்றைக் குறைவறச் செய்துமுடித்தவர்கள் என்ற தகுதி ஒன்றுதான்.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வேடசந்தூர் பக்கம் மூன்றரை ஏக்கர் புஞ்சையைக் கிணற்றோடு சேர்த்து வாங்கினோம். நாங்கள் என்பது, கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், வங்கியில் பணிபுரியும் அவர் தம்பி, இருவரின் குடும்பங்கள், எண்பதை நெருங்கும் அப்பா ஆகிய அனைவரும். அப்பா தம் பங்கு நிலத்தை 1996இல் எங்கள் படிப்புக்காக விற்றவர். விற்ற கடனைத் திருப்பிக் கட்டுவதாக எங்களுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. அவரிடம் அதைச் சொன்னதில்லை. தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஏர் நுழையவில்லை. கிணறு எந்தத் திசையில் இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆயிற்று.

நிலத்தை மூடிக்கிடந்தது சீமைக்கருவேலம். நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்ந்த இம்மரம் ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும் உதவும் என்று வரவேற்கப்பட்ட விருந்தாளி. மக்கள் அதற்கிட்ட பெயர்களில் ஒன்று வேலிக்காத்தான். பிறகு அது வேலியைத் தாண்டிக் காட்டையும் கண்மாயையும் எடுத்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றும்படி உத்தரவிட்டதும், அதே ஆண்டில் அவ்வுத்தரவு நிறுத்திவைக்கப்பட்டதும், 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று மாநில அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. நாங்களும் படித்திருந்தோம். படித்ததனாலேயே மரத்தை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

ஆவணியில் பொக்லைன் வந்தது. தம்பியின் ஏற்பாடு. மணிக்கணக்கில் வாடகை; ஆகவே ஒரு மணித்துளியும் வீணாகக்கூடாது என்பதே அன்றைய எங்கள் வேளாண்மைக் கொள்கை. இரண்டே நாளில் மூன்றரை ஏக்கரும் வெட்டவெளி ஆயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். புதருக்குள்ளிருந்து கமலை இறைத்த காலத்துக் கல்தூண் இரண்டு வெளிப்பட்டபோது நாங்களுங்கூடத் தொல்லியல் அறிஞர்களைப் போல நடந்துகொண்டோம். இரண்டாம் நாள் பிற்பகலில் எந்திரம் வடக்கு ஓரத்துக்குப் போயிற்று. அங்கே சீமைக்கருவேலத்தோடு பின்னிக்கொண்டு ஒரு கிளுவை வேலி இருந்தது. பிரண்டையும் முடக்கத்தானும் கோவையும் ஏறிப் படர்ந்து, பார்வைக்கு அதுவும் புதராகவே தெரிந்தது. வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்த அப்பா எழுந்து நின்று கையை உயர்த்தினார். ஏதோ சொன்னார். எந்திர இரைச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகளை நோக்கிக் கையசைப்பதாகவே எண்ணினோம். வேலியோடு அதன் அடியிலிருந்த மண்வரப்பும் பெயர்ந்தது. அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார். அன்றிரவும் பிறகும் அதைப்பற்றி அவர் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

அந்த வரப்பு எதற்காக அங்கே இருந்தது என்பதை ஐப்பசி மழை சொல்லிற்று. எங்கள் நிலம் வடக்கே மேடு, தெற்கே பள்ளம். மேட்டுக்காடுகளில் விழும் மழைநீர் எங்கள் நிலத்துக்குள் பாயாமல், கிளுவையின் வேர்பிடித்த அவ்வரப்பில் முட்டிக் கிழக்கே ஓடைக்குத் திரும்பியிருக்கிறது. எத்தனை தலைமுறையாக என்று யார் கண்டார். ஒரே இரவு மழையில் நிலத்தின் குறுக்கே முழங்காலாழத்துக்கு அரிப்பு விழுந்தது. பதினெட்டு ஆண்டுகள் உதிர்ந்து மட்கிய மேல்மண், வாங்கியவற்றுள் உண்மையில் விலைமதிப்புடையது அதுதான், கீழ்க்காட்டில் அறுவடைக்கு நின்ற நிலக்கடலையின் மீது போய்ப் படிந்தது. கீழ்க்காட்டுக்காரர் ஒரு முதியவர். எங்கள் தோட்டத்தை முன்பு வாரத்துக்கு உழுதவரும் அவரே. இழப்பீடு தருவதாகச் சொல்லிப் போனோம். வாங்க மறுத்துவிட்டார்.

"வேலி என்ன பாவம் பண்ணுச்சு சார்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. மண்ணு எங்கிட்டத்தான் கெடக்கு, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது இரட்டை வெட்கம். சங்கப் பாடல்கள் நெடுங்காலம் உழுத பழங்கொல்லையை முதை என்றும், புதிதாக உழும் கொல்லையை இதை என்றும் வேறுபடுத்தி அறிந்தவை. வகுப்பில் இவ்விரு சொற்களுக்கும் பொருள் எழுதிப் போட்டிருக்கிறோம். எங்கள் நிலம் முதை. அதில் ஏற்கெனவே ஒருவர் எண்ணி எண்ணிச் செய்த வேலை இருந்தது. புதர் அதை மூடியிருந்ததேயன்றி அழிக்கவில்லை. நாங்களோ அதை இதை போல நடத்தினோம். நிலத்தைப் பண்படுத்துவதற்குத் தமிழில் 'திருத்துதல்' என்றொரு சொல் உண்டு. விடைத்தாள்களையும் நாங்கள் திருத்துகிறோம். அங்கே தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மதிப்பெண் இடுவதில்லை. எழுதியிருப்பதை முதலில் படிக்கிறோம், குறைந்தபட்சம் படிப்பதாகப் பாவனையாவது செய்கிறோம்.

இதைச் சொன்னவுடன், 'காட்டைக் காடாகவே விட்டிருக்கலாமே' என்று இலக்கிய நண்பர்கள் சிலர் ஆறுதல் கூறினார்கள். அதையும் எங்களால் ஏற்க முடியவில்லை. காட்டின் மீதான கழிவிரக்கம் நகரத்தில் மலிவாகக் கிடைக்கும் பண்டம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலில் குடியேறியவர்கள் காட்டை நெருப்பிட்டே நிலமாக்குகிறார்கள். உழவின் வரலாற்றில் அழிப்பு இல்லாத தொடக்கம் அரிது. மறுபுறம், ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் தொடாதீர்கள் என்போர், அவர் அதில் ஒப்புக்கொண்டிருக்கும் ஒரு தோல்வியைத் தாண்டிப் படித்துவிடுகிறார்கள் போலும். தம் தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்துச் செய்யாமல் அப்படியே விட்டதில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின என்று அவரே எழுதுகிறார். மனிதக் கை பட்டு வளர்ந்த ஒன்றைக் கைவிடுவது வேறு, இயற்கையிடம் ஒப்படைப்பது வேறு என்பது அவர் கொடுத்த விலைக்குக் கிடைத்த அறிவு. எங்கள் சீமைக்கருவேலம் போகவேண்டியதுதான். அதன் அடியில் வேறெதுவும் எளிதில் தலைதூக்குவதில்லை. ஆனால் அதைப் போக்கவும் எந்திரத்துக்குத் தெரியவில்லை. பாதி மரங்களைக் கழுத்தோடு ஒடித்துத்தான் போட்டிருந்தது. தை பிறப்பதற்குள் ஒவ்வொரு கட்டையும் பத்துக் கிளையாகத் துளிர்த்து நின்றது. அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே தோண்டி எடுத்தால்தான் அது சாகும். அதைக் கடப்பாரையால் செய்யத் தெரிந்தவர்கள், மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், பக்கத்து ஊரிலேயே இருந்தார்கள். அவர்களையும் நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எந்திரம் போன மறுவாரம் நடுவயதுப் பெண்கள் இருவர் அரிவாளும் கயிறுமாக வந்து, வெட்டவெளியைப் பார்த்துச் சற்றுநேரம் நின்றார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவர்கள் விறகு எடுத்த இடம் அது. ஆட்டுக்காரர்களுக்குக் கோடையில் கருவேல நெற்று உதிர்ந்த இடமும் அதுவே (அந்த ஆடுகளின் புழுக்கை வழியேதான் விதை ஊரெங்கும் பரவுகிறது என்பதும் உண்மைதான்). அவர்கள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லையே.

ஆகவே, பாழ்பட்ட பழந்தோட்டம் வாங்குகிற குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள். நீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன்பு உழுதவர் உயிரோடிருந்தால் அவரை அழைத்து நிலத்தைச் சுற்றிவாருங்கள். கிணற்றுக்குப் போக ஒற்றையடிப் பாதை மட்டும் வெட்டிக்கொண்டால் ஓராண்டுக்குப் போதும். இதற்குள் முள் இன்னும் பெருகுமே, போட்ட பணம் முடங்குமே என்று தம்பி இப்போதும் வாதிடுகிறார். பெருகும்தான். பதினெட்டு ஆண்டு முள்ளுக்குப் பத்தொன்பதாம் ஆண்டு பெரிய வேறுபாடில்லை. மேல்மண்ணுக்கோ ஓர் இரவு போதுமானதாக இருந்தது.

2023 ஆடியில் வடக்கு வரப்பை மண்வெட்டியால் திரும்ப எடுத்துக்கட்டினோம். கட்டச் சொன்னவர் கீழ்க்காட்டு முதியவர். அவர் சொன்ன உயரத்தைவிட அரையடி குறைவாகத்தான் எங்களால் முடிந்தது. அவர் வேலியிலிருந்தே கிளுவைப் போத்துகளை வெட்டிக் கொடுத்தார். அப்பா முழ இடைவெளியில் ஊன்றிக்கொண்டே போனார். நூற்றுக்குமேல் ஊன்றியதில் நாற்பதளவில் பட்டுப்போயிற்று. பட்டுப்போனவற்றை அவர் பிடுங்கவிடவில்லை. கொடி ஏறட்டும் என்கிறார். பிரண்டைக்கு ஒன்றிரண்டு கணு கீழ்க்காட்டிலிருந்து ஒடித்துவந்து வைத்திருக்கிறோம்.