ஐரோப்பாவின் வெறுங் கிடங்கு

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டுகளைப் பொழிந்துவிட்டுப் போயிற்று. அந்தக் கதையை நம் வீட்டுப் பாட்டிமார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டையோ ஐரோப்பிய ராஜ்யங்களுக்குள். எரிந்ததோ சென்னைப் பட்டணத்து எண்ணெய். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2022-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி ருஷ்யா உக்ரேனுக்குள் முழுப் படையெடுப்புத் தொடங்கியபோது, நம் மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெயின் விலை கிடுகிடுவென்று ஏறிற்று. அதற்கு முன் இந்தியா தருவித்து வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரேனிலிருந்துதான் வந்தது. மறுபடியும் எண்ணெய்தான்! ஆகையால், ஐரோப்பாவின் யுத்த ஆயத்தம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நேயர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஐரோப்பா செல்வம் மிகுந்த கண்டம். யந்திரத் தொழிலுக்கு அது தாய்வீடு. அப்படிப்பட்ட இடத்தில் ஆயுதத்துக்கு என்ன குறை இருக்கமுடியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் உக்ரேன் யுத்தம் மூண்ட அதே தினத்தில், ஜெர்மன் தரைப்படையின் தளபதி, தம்முடைய சேனை ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்கிறது என்று பகிரங்கமாகவே எழுதினார். மூன்றே நாளில் ஜெர்மனியின் தலைமை மந்திரி ஓலாப் ஷோல்ஸ் பார்லிமெண்டைக் கூட்டி, ராணுவத்துக்கென்று 10,000 கோடி யூரோ தனி நிதி ஒதுக்குவதாக அறிவித்தார். தளபதி பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

முப்பது வருஷத்து நிம்மதி

இந்த நிலைமை எப்படி வந்தது? 1989-இல் பெர்லின் சுவர் இடிந்தது. 1991-இல் சோவியத் ராஜ்யம் கலைந்தது. இனி ஐரோப்பாவில் பெரிய யுத்தம் கிடையாது என்று ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். ஜெர்மனியிடம் ஒரு காலத்தில் லெப்பர்டு 2 என்னும் பெரிய டாங்கிகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அண்டை அயலாருக்கு விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள்; 2022-இல் மிஞ்சியவை சுமார் 300. கட்டாய ராணுவ சேவையை ஸ்வீடன் 2010-இலும் ஜெர்மனி 2011-இலும் நிறுத்தி வைத்தன. மிச்சமான பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் சம்பளத்துக்கும் போயிற்று.

இதற்காக அவர்களை நாம் குறை கூறப்போவதில்லை. ஒரே நூற்றாண்டில் இரண்டு தடவை சுடுகாடாகிப் போன கண்டம் பீரங்கியை வெறுப்பது இயற்கை. அந்த வெறுப்பு நமக்கும் உண்டு. ஆனால் பீரங்கிகளைக் குறைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பீரங்கிக்கு வேண்டிய குண்டைச் செய்யும் தொழிற்சாலைகளையும், அதில் கைதேர்ந்த தொழிலாளரையும், குண்டு அடுக்கிய கிடங்குகளையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். தளவாடங்களை அணிவகுப்பில் வைத்துக் காட்டலாம். கிடங்கை யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்காததனால் அது காலியாயிற்று.

ஒரு குண்டின் ஜாதகம்

இக்காலத்துப் பீரங்கிகளில் மேல் நாட்டார் பெரும்பாலும் கையாள்வது 155 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டு. ஒன்றின் எடை சுமார் 45 கிலோ; அரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இருபது முப்பது கிலோமீட்டர் தூரம் போய் விழும். உக்ரேன் யுத்தத்தில் இருதரப்பிலும் நாள் ஒன்றுக்கு இப்படிப் பல ஆயிரம் குண்டுகள் செலவாயின.

2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வாக்குக் கொடுத்தது: பன்னிரண்டு மாதத்துக்குள் உக்ரேனுக்குப் பத்து லட்சம் குண்டுகள் கொடுப்போம் என்று. வருஷம் முடிந்து கணக்குப் பார்த்தால், போய்ச் சேர்ந்தவை பாதிக்குச் சற்று மேல். பத்து லட்சம் பூர்த்தியாக 2024-ஆம் வருஷக் கடைசி ஆயிற்று. பணம் இல்லாமலா? பணம் தாராளமாக இருந்தது. மனம் இல்லாமலா? அதுவும் இருந்தது. இல்லாதது வேறு.

குண்டுக்குள் அடைப்பதற்கு வெடிமருந்து வேண்டும். யுத்தம் மூண்டபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.என்.டி. என்னும் வெடிமருந்தைப் பெருமளவில் செய்துகொண்டிருந்த ஆலை ஒன்றே ஒன்றுதான். அது போலந்தில் பிட்கோஷ்ச் நகரில் இருக்கிறது. அடுத்தபடி, குண்டைப் பீரங்கியிலிருந்து உந்தித் தள்ளும் மருந்து. அதற்கு மூலம் என்ன என்று நினைக்கிறீர்கள்? பஞ்சு! 1846-இல் ஷோன்பைன் என்ற ரசாயன ஆசிரியர், ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரில் இதைக் கண்டுபிடித்தார். சமையலறையில் சிந்திய திராவகத்தை மனைவியின் பருத்தி மேலாடையால் துடைத்து அடுப்பருகே உலர்த்தினார் என்றும், அது பளீரென்று எரிந்து மறைந்தது என்றும் கதை சொல்வார்கள். பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சைத் திராவகத்தில் ஊறவைத்துச் செய்யும் அந்தப் பொருள்தான் இன்றைக்கும் பீரங்கி மருந்துக்கு ஆதாரம். அந்தக் குறும்பஞ்சுக்கு ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சீனாவை நம்பியிருந்தன. அந்தச் சீனாவோ ருஷ்யாவுக்கு நெருங்கிய சிநேகிதன்.

இப்படி ஒரு குண்டுக்குப் பின்னால் உருக்காலை, திராவக ஆலை, பஞ்சுக் கப்பல், பழகிய கை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் பீரங்கி வெறும் இரும்புக் குழாய்தான். பிரிட்டிஷார் இதை 1915-இலேயே அனுபவித்தார்கள். அப்போதும் குண்டுப் பஞ்சம் வந்தது, மந்திரிசபையே ஆட்டங்கண்டது, லாயிட் ஜார்ஜைத் தளவாட மந்திரியாக வைத்துத்தான் சமாளித்தார்கள். அந்தப் பாடத்தை அவர்கள் பேரன்மார் மறந்து போனார்கள்.

இப்போது மறுபடி கட்டுகிறார்கள். ஜெர்மனியில் உன்டர்லூஸ் என்னும் இடத்தில் ரைன்மெட்டால் கம்பெனியார் 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்ட புதுக் குண்டு ஆலையை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். 2027-இல் வருஷத்துக்கு 3,50,000 குண்டு செய்வதாக அவர்கள் திட்டம். வேகந்தான், ஆனாலும் யுத்தம் தொடங்கி மூன்றரை வருஷம் ஆகிவிட்டது.

ஐந்நூறு டாலர் பூச்சி

இதற்குள் யுத்தத்தின் முறையே மாறிவிட்டது. உக்ரேனியப் போர்வீரன் ஒருவன் பதுங்கு குழியில் உட்கார்ந்து, கண்ணுக்கு ஒரு காட்சிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுமார் ஐந்நூறு டாலர் பெறுமானமுள்ள சின்ன டிரோனைச் செலுத்துகிறான். அது வண்டு போல் ரீங்காரம் செய்துகொண்டு போய், பல லட்சம் டாலர் பெறும் டாங்கியின் மெல்லிய இடமாகப் பார்த்து மோதி வெடிக்கிறது. ரேடியோ அலையைத் தடுத்து டிரோனை விழச் செய்யும் கருவிகள் வந்தன. உடனே, பட்டத்துக்கு நூல் விடுவது போல, பல கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடி இழையை விட்டுக்கொண்டே பறக்கும் டிரோன்கள் வந்துவிட்டன. அவற்றை அலையால் தடுக்க முடியாது. 2025 ஜூன் 1-ஆம் தேதி உக்ரேனியர், லாரிகளில் ஒளித்துவைத்து ருஷ்யாவின் உட்பகுதிக்கே கொண்டுபோன டிரோன்களால், விமான நிலையங்களில் நின்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களைக் கொளுத்தினார்கள்.

ஐரோப்பாவின் பணக்கார சேனைகளுக்கு இது எப்படிப்பட்ட சங்கடம் என்பது அதே வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு தெரிந்தது. சுமார் இருபது ருஷ்ய டிரோன்கள் போலந்துக்குள் புகுந்தன. அவற்றுள் சில, ஒட்டுப்பலகையும் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருளும் வைத்து ஒட்டிய ஏமாற்று டிரோன்கள். அவற்றை விரட்ட எழும்பியவை போலந்தின் எப்-16 விமானங்களும், நெதர்லாந்தின் எப்-35 விமானங்களும். விமானத்திலிருந்து விடும் ஏவுகணை ஒன்றுக்குப் பல லட்சம் டாலர் ஆகிறது. சிலவற்றை வீழ்த்தினார்கள், உண்மைதான். ஆனால் கொசுவை அடிக்க வெள்ளித் தடியை எத்தனை நாள் வீசமுடியும்? எதிரி வேண்டுமென்றே கொசுவை அனுப்பிக்கொண்டிருந்தால் தடி தீர்ந்துவிடுமல்லவா?

சாவி யார் கையில்?

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. பின்லாந்து 64, ஜெர்மனி 35, போலந்து 32 என்று ஐரோப்பிய தேசங்கள் போட்டியிட்டு எப்-35 விமானங்களுக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. அவை அமெரிக்கச் சரக்கு. உதிரி உறுப்பு, பழுதுபார்ப்பு, நுட்பத் திருத்தம் எதற்கும் அமெரிக்காவையே எதிர்பார்க்க வேண்டும். ஆகாயத்திலிருந்து வேவு பார்க்கும் உபகிரகச் செய்திக்கும் பெரும்பாலும் அதே கதி. 2025 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் உக்ரேனுக்கு ஆயுதம் அனுப்புவதையும் வேவுச் செய்தி கொடுப்பதையும் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஐரோப்பியத் தலைநகரங்களில் எத்தனையோ பேருக்குத் தூக்கம் கெட்டது. தங்கள் வீட்டுச் சாவி யாருடைய மடியில் இருக்கிறது என்பதை அவர்கள் அன்றுதான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டார்கள்.

நீச்சல் குளத்தின் அடியில்

எல்லாரும் தூங்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ருஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை கொண்ட பின்லாந்து, மற்றவர்கள் கட்டாய சேவையைக் கைவிட்ட காலத்திலும் விடவில்லை. அங்கே ஜனங்கள் 55 லட்சத்துச் சொச்சம். சுமார் 50,000 பதுங்கிடங்களைக் கட்டி, 48 லட்சம் பேருக்கு இடம் செய்துவைத்திருக்கிறார்கள். தலைநகரான ஹெல்சிங்கியில் பாறையைக் குடைந்து அமைத்த பதுங்கிடம் ஒன்றில் நீச்சல் குளம் இருக்கிறது. சமாதான காலத்தில் குழந்தைகள் அங்கே நீந்தி விளையாடுகிறார்கள். ஆபத்து வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு ஊரார் தங்கலாம்.

ஸ்வீடன் 2024 நவம்பரில் வீட்டுக்கு வீடு ஒரு சிறு புத்தகம் அனுப்பிற்று. யுத்தமோ பெருவிபத்தோ வந்தால் குடிதண்ணீர் எவ்வளவு வைத்துக்கொள்வது, கெடாத உணவு எது, மின்சாரம் நின்றால் வீட்டை எப்படிச் சூடாக வைப்பது என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. இத்தகைய புத்தகத்தை அவர்கள் முதலில் அச்சிட்டது 1943-இல். தேசப் பாதுகாப்பு என்பது தளபதிகளின் காரியாலயத்தில் மாத்திரம் இல்லை. குடும்பத் தலைவியின் அலமாரியிலும் இருக்கிறது என்பது அந்தச் சர்க்காரின் கொள்கை. நமக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை இப்போது குறைவில்லை. 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ தேசத்தார், 2035-க்குள் தேச வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கைப் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த காரியங்களுக்கும் செலவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஸ்பெயின் மாத்திரம் தனக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்று விலகி நின்றது. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? முன்பு ராணுவத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன பணம் வந்த வழியே திரும்பவேண்டியிருக்குமோ என்று அங்கே பலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதே. குறித்த காலத்தில் கொஞ்சமாகச் செலவழித்துக் கிடங்கைக் காத்திருந்தால் இன்று இவ்வளவு அள்ளிக் கொட்ட நேர்ந்திராது.

நாமும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதற்கில்லை. 2020 முதல் 2024 வரை உலகத்தில் அதிகமாக ஆயுதம் தருவித்த தேசங்களில் உக்ரேனுக்கு அடுத்தபடி நிற்பது இந்தியாதான். புது விமானம் வந்து இறங்கும்போது பத்திரிகையில் படம் வருகிறது. நாமும் பெருமையோடு பார்க்கிறோம். இனி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நேயர்கள் இரண்டு கேள்விகளையும் கேட்டுவைக்கவேண்டும்: இதற்கு வேண்டிய குண்டு எத்தனை நாளைக்கு இருக்கிறது? அதைச் செய்கிற ஆலை எந்த ஊரில் இருக்கிறது?