வேஷம் போட்டது யாரோ, தண்டம் கட்டுவது யாரோ?

"உங்கள் கே.ஒய்.சி. காலாவதி. இன்றைக்குள் இந்தச் சுட்டியைச் சொடுக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்." வங்கி லோகோவோடு வந்த மடலை நம்பிச் சொடுக்கியவர் பணம் போச்சு. மறுநாள் கிளைக்குப் போனால் கிடைக்கிற பதில்: "பாஸ்வேர்டை யார் சார் குடுக்கச் சொன்னாங்க?"

அநியாயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று இன்னமும் பாடம் நடத்துகிறார்கள். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஏஐ எழுதித் தரும் போலி மடலில் வங்கியின் சொந்த மடலை விட இங்கிலீஷ் நன்றாகவே இருக்கிறது :-) லோகோவை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். அனுப்புநர் பெயராக எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது முகவரியின் வாலை. ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது எது? அதற்கு இடப்பக்கம் வங்கியின் பெயர் நாலு தடவை வந்தாலும் மதிப்பில்லை. சுட்டியில் எழுதியிருப்பது ஒன்று, கூட்டிப்போகும் இடம் வேறாகவும் இருக்கும். ஆகவே முகவரியைத் தானே தட்டச்சு செய்வதுதான் உத்தமம்.

எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஏப்ரலில் உத்தரவு போட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் வால் அது. நல்ல காரியம்தான், ஆனால் இணைய வங்கிச்சேவை வந்து கால் நூற்றாண்டு கழித்தா? சுட்டியைத் தொடாதே என்று எச்சரிக்கும் அதே வங்கி, கடன் விளம்பர மடலில் 'இங்கே சொடுக்கவும்' என்று பட்டன் வைக்கிறது. சொடுக்கப் பழக்கியது யார்?

பி.காம் மக்களுக்குத் தெரியும். செக்கில் போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் நஷ்டம் வங்கிக்கு. 1987-ல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. பாஸ்புக்கை வாடிக்கையாளர் கவனிக்கவில்லை என்ற வாதம்கூட எடுபடவில்லை. அதே மோசடி பாஸ்வேர்டில் நடந்தால் மட்டும் நியாயம் தலைகீழ்! ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதியில், விவரத்தைக் கொடுத்து ஏமாந்தவர் புகார் செய்யும்வரை போன பணம் முழுக்க அவர் தலையில் கட்டப்பட்டது. தவறு யாருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு என்றும் அதே விதியில் இருந்தது. இதைக் கிளையில் யார் சொன்னார்கள்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2007-ல் ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் வந்த போலி மடலை நம்பி, அபுதாபியில் வேலை பார்த்தவர் ஒருவர் 6.46 லட்சம் ரூபாய் இழந்தார். அவருக்கு 12.85 லட்சம் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் தமிழ்நாடு ஐ.டி. செயலாளர் வங்கிக்கு ஆணையிட்டார். பாதுகாப்பைச் சரியாகச் செய்யாதது வங்கிதான் என்பது அங்கே எடுபட்டது.

பணம் போனவர்கள் உடனே 1930-க்குப் போன் போடவும். வங்கியிலும் புகார் எண் வாங்காமல் நகர வேண்டாம். 2017 விதிப்படி, அந்த நிமிடத்துக்குப் பிறகு போகிற பணம் வங்கியின் நஷ்டம்.