துண்டைத் தலையில் கட்டினால் கதை: குழந்தைகளுக்கான மதுரை நகர் நடை குறித்து எங்கள் நிலைப்பாடு

பள்ளிப் பிள்ளைகளை மதுரையின் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய் ஊர் வரலாறு சொல்லும் தன்னார்வலர்கள் நாங்கள். பள்ளிகளும் பெற்றோரும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னால்தான் என்ன? சொல்ல மாட்டோம் என்பதே எங்கள் பதில். காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இத்தனை நாளும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்களேதான்.

திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்பது மதுரையில் எல்லாப் பாட்டிகளுக்கும் எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் தெரிந்த சேதி. நாங்களும் மகால் முற்றத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, ராஜா தீப்பந்தத்தோடு ராத்திரியில் போவார் என்று அளந்துவிடுவோம். ஐம்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் கேட்கும். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அண்ணே, நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றான். இல்லை என்றோம். "அப்ப யாரு பார்த்தது?" என்றான். எங்களிடம் பதில் இல்லை. பேசாமல் உட்கார்ந்துகொண்டான். மகால் 1636இல் கட்டப்பட்டது என்று அடுத்தாற்போல் சொன்னபோதும் அதே சந்தேகக் கண்ணோடுதான் எங்களைப் பார்த்தான். ஒரு பொய்யால் நாங்கள் இழந்தது அந்த 1636ஐயும் சேர்த்துத்தான்.

இத்தனைக்கும் மகாலில் உண்மைக்கு என்ன பஞ்சம்? இன்று நிற்பது அன்றைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். மீதியில் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்தது எதிரிப் படை இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். திருச்சியில் தனக்கு அரண்மனை வேண்டுமென்று தாத்தா வீட்டைப் பிரித்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கூட்டத்தில் எழும் சத்தம் இருக்கிறதே, சுரங்கப்பாதைக்குக்கூட அது எழுந்ததில்லை. சொந்தத் தாத்தா வீடு விற்ற கதை, பங்கு பிரித்த கதை எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடும். (பெற்றோர் உடன் வந்திருந்தால் அவர்கள் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை.) பின்னால் சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தது, அதே மகாலில் கோர்ட் நடந்தது, 'பம்பாய்' படத்துக்குப் பாட்டு எடுத்தது எல்லாம் அதன் தொடர்ச்சிதான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஜவுளிக்கடைச் சந்துக்குள் போனால், மேலே கூரையும் இல்லாமல் பக்கத்தில் சுவரும் இல்லாமல் அதே அரண்மனையின் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. சந்துக்கே பத்துத்தூண் என்றுதான் பெயர். பிள்ளைகள் கைகோத்துத் தூணைச் சுற்றி அளக்கிறார்கள். எத்தனை பேர் தேவைப்பட்டது என்பதை அவர்களே வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

தெருப்பெயர்கள் இதைவிட நல்ல விளையாட்டு. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக மாதப் பெயர்கள் வருகின்றன. அதையும் தாண்டினால் வெளி வீதி. "எதுக்கு வெளியே?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்வரை நாங்கள் வாயைத் திறப்பதில்லை. கேட்டபிறகுதான் கோட்டை வருகிறது. சுவரை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் வருகிறார். அவர் நினைவாக நிற்கும் விளக்குத்தூண் வருகிறது. அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன என்றதும், தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிற பிள்ளை தன் தெருவையே புதிதாகப் பார்க்கிறது. சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்பது அடுத்த புதிர். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊரில் வழங்கும் விடை. அந்த விடையைக் கண்டுபிடிக்க ஒரு மணிநேரம் ஆனாலும் நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.

அப்படியானால் திருவிளையாடல் கதைகளைச் சொல்லமாட்டீர்களா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். கட்டாயம் சொல்வோம். புட்டுக்கு மண் சுமந்ததைச் சொல்லாமல் ஆவணி மூல வீதியைக் கடக்க முடியுமா? இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். அழைத்துப்போகிறவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் அது கதை. தோளில் போட்டிருந்தால் கல்வெட்டோ ஆவணமோ பதிவோ இருக்கிற வரலாறு. கையில் பிடித்திருந்தால் ஊரார் சொல்வது, உறுதியில்லை. மாசி வீதி விடை இந்த மூன்றாவது வகை. எங்களில் யாராவது மறந்துபோய்த் தோள் துண்டோடு கதையளந்தால், "அண்ணே, துண்டு!" என்று பத்துக் குரல் கேட்கும். சுரங்கப்பாதையும் இப்போது தலைத்துண்டோடு சேர்த்துத்தான். சுவை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கூட்டிச் சொல்வதுபோல மறைத்துச் சொல்வதும் தவறு என்பதே எங்கள் முடிவு. 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத ஐயர், சாதியின் பேரால் அதுவரை உள்ளே விடப்படாதவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். "அந்த வாசல்ல மட்டும் அதைப் பேசாம வந்துருங்களேன், சின்னப் பிள்ளைங்க" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதென்று நாங்கள் நம்பவில்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளிலேயே யாருடைய பூட்டிக்கு அந்த வாசல் மூடியிருந்தது என்பது யாருக்குத் தெரியும்? அதைப் பேசாமல் வரச் சொல்லும் பள்ளியோடு நாங்கள் வருவதாக இல்லை.

மற்ற நிபந்தனைகள் சின்னவை. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்போம். அதற்குமேல் மதுரை வெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொல்வது தண்டனை. ஐம்பது பேரைக் கூட்டமாக ஓட்டிப்போகும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டோம். ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கம் போகமாட்டோம். அரசுப் பள்ளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாநகராட்சியிடம் ஒன்று கேட்கிறோம்: மாசி வீதிகளில் பெண் பிள்ளைகள் நம்பிப் போகும்படி சுத்தமான கழிப்பறைகள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைக்கு எந்த வரலாறும் காதில் ஏறாது. கோயிலுக்குள் செல்போன் கூடாது என்ற விதி பற்றிச் சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். எங்களுக்கு அது வரம். படம் எடுக்க வழியில்லாததால்தான் ஆயிரங்கால் மண்டபத்தில் பிள்ளைகள் தூண்களை எண்ணத் தொடங்குகிறார்கள். அங்கே இருப்பது 985 என்பதைக் கடைசியில்தான் சொல்வோம்.

பள்ளிகளுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். நடை முடிந்த மறுநாள் 'நான் கண்ட மதுரை' என்று இரண்டு பக்கக் கட்டுரையும், கோடிட்ட இடங்களை நிரப்புக என்று ஒரு தாளும் கொடுக்கிறீர்கள். போன முறை ஒரு சிறுமி மகாலில் அண்ணாந்து பார்க்கவே இல்லை. நாங்கள் சொன்ன ஆண்டுகளைக் குனிந்து குறித்துக்கொண்டே நடந்தாள். தலைக்குமேலே இருந்த யாளியை அவள் தவறவிட்டாள். மதிப்பெண்ணோடு வரும் பள்ளிகளை இந்த ஜூன் முதல் நாங்கள் ஏற்பதில்லை. நோட்டும் பேனாவும் வீட்டில் இருக்கட்டும், தண்ணீர் பாட்டில் போதும். ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் எங்கள் செலவில் பருத்திப்பால் உண்டு. அது எப்படி இருந்தது என்றும் கட்டுரை எழுதச் சொல்லிவிடாதீர்கள்.