எந்த அம்பேத்கர் நகர்?

தெருப் பெயரை மாற்றுவது பற்றி நம்மவர்களிடையே இரண்டு பேச்சு உண்டு. 'பேர மாத்திட்டா சாதி போயிடுமா?' என்பது ஒன்று. 'பேராவது மாறட்டுமே' என்பது மற்றொன்று. இரண்டும் மானப் பிரச்சினையோடு நின்றுவிடுகின்றன. உயிர்ப் பிரச்சினை ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அதைப் பேசியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 இல் வந்தது. அதற்கு முன்னால் சேரிக்குள் வண்டி வருவது பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, வந்தால்தானே! இப்போது வருகிறது. ஆனால் போனை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்கிறார். தெருவுக்கு என்ன பதில் சொல்வது? 'காலனிங்க' என்கிறோம். எந்தக் காலனி? ஊராட்சிக்குள் காலனி மூன்று இருக்கிறது. மூன்றிலும் பலகை இல்லை. வண்டி ஊருக்குள் நுழைந்து டீக்கடையில் நின்று வழி கேட்கிறது. டீக்கடையில் இருப்பவன் என்ன பெயரைச் சொல்லி வழி காட்டுவான் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணை அடைய, ஆம்புலன்ஸ்காரர் அந்த வசைச்சொல்லின் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. சில நேரம் போன் செய்கிற நாமே அதைச் சொல்லித் தொலைக்கிறோம், வண்டி சீக்கிரம் வரட்டுமே என்று. உயிர் வேண்டுமென்றால் சாதியைச் சொல். சேரிக்கு ஊர் வைத்திருக்கும் முகவரி இதுதான்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். கணக்குத் தொடங்கும் விண்ணப்பங்கள் நாள்தோறும் கையில் வருகின்றன. கதவு எண் எழுதியிருக்கும், ஊர் எழுதியிருக்கும், நடுவில் தெருவுக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். மறந்துவிட்டார்கள் என்றுதான் பக்கத்து மேசைக்காரர்கள் நினைக்கிறார்கள். மறதியாவது ஒன்றாவது! படித்த பையன்தான் அதைக் காலியாக விடுகிறான், அவனுடைய அப்பா அல்ல. அப்படி விட்ட வீட்டுக்கு ஏ.டி.எம். கார்டு தபாலில் போய் 'முகவரி போதாது' என்று திரும்பி வருகிறது. கார்டு திரும்பி வந்தால் மறுபடி அனுப்பலாம். ஆம்புலன்ஸ் திரும்பிப் போனால்?

அரசாங்கத்துக்கு இது புதிதல்ல. எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டத்தை நீக்கினார்கள். தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆயிற்று, வாய்வழக்கில் இன்றும் செட்டி ரோடுதான். அங்கே வாலை மட்டும் வெட்டினால் போதுமாயிருந்தது. நம் தெருக்களிலோ சாதியின் பெயரே முழுப்பெயர். வெட்டினால் 'தெரு' என்ற சொல்தான் மிஞ்சும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் குடியிருப்பு, தெரு, சாலை, குளம் எல்லாவற்றிலும் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. நல்லது, வரவேற்போம். பூக்கள், புலவர்கள், தலைவர்கள் பெயர்களை வைக்கலாம் என்று வழியும் காட்டினார்கள்.

இனிமேல்தான் சிக்கல். ஊராட்சிச் செயலர் பட்டியலோடு வருவார். நாம் யோசிக்காமல் 'அம்பேத்கர் நகர்' என்போம். மகாராட்டிரத்தில் 2020 இல் மகார்வாடா, மாங்வாடா முதலான பெயர்களை நீக்க முடிவெடுத்தபோது சமதா நகர், பீம் நகர், கிராந்தி நகர் என்றுதான் மாற்றுப் பெயர்கள் சொல்லப்பட்டன. ஒரு தாலுகாவில் பத்து பீம் நகர் இருந்தால் பழைய கதைதான்: 'எந்த பீம் நகர்?' லண்டனில் 1855 இல் உருவான பெருநகரப் பணி வாரியம், ஒரே பெயரில் பல தெரு இருந்ததாலேயே நூற்றுக்கணக்கான தெருக்களின் பெயரை மாற்றியது. அமெரிக்காவில் 1968 இல் 911 என்ற அவசர எண் வந்தது. பின்னால் கிராமத்துப் பாதைகளுக்கெல்லாம் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் கொடுத்தபோது, ஒரு கவுண்டிக்குள் ஒரே பெயர் இரண்டு இடத்தில் கூடாது, ஒலியில் ஒத்த பெயரும் கூடாது என்று பல இடங்களில் விதி செய்தார்கள். நம்மூரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுவரில் எழுதி வைத்துத் தபால்காரரைச் சுற்ற விடுகிறோம்.

'அப்படியானா அம்பேத்கர் பேர் வேண்டாங்கறீங்களா?' என்று தோழர்கள் கோபப்படலாம். வேண்டும். ஊரின் கடைவீதிக்கு வேண்டும், பஸ் நிற்கும் முச்சந்திக்கு வேண்டும். சேரிக்கு மட்டும் அந்தப் பெயரை ஒதுக்கியதால் என்ன ஆயிற்று? 'அம்பேத்கர் நகர்' என்றாலே இன்னார் என்று ஊருக்குப் புரிகிறது. காலனிக்குப் பதில் இன்னொரு குறிச்சொல் கிடைத்துவிட்டது. பொது இடத்துக்கு வைத்தால் தெரியும் சேதி. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978 இல் தீர்மானம் போட்டார்கள், சேரிகள் எரிந்தன, பெயர் ஏற 1994 ஆயிற்று. 1997 இல் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரம். கடைசியில் எல்லாக் கழகங்களின், எல்லா மாவட்டங்களின் பெயரையும் எடுத்தார்கள். 2022 மே மாதம் ஆந்திரத்தின் அமலாபுரத்தில், கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்ப்பதை எதிர்த்து அமைச்சர் வீட்டுக்கே தீ வைத்தார்கள். சேரிக்குள் இருக்கிறவரை அந்தப் பெயரை ஊர் பொறுத்துக்கொள்கிறது.

சேரித் தெருக்களுக்குப் பெயர்ப் பஞ்சமா என்ன? அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, மீனாம்பாள் சிவராஜ், இம்மானுவேல் சேகரன் இருக்கிறார்கள். அதற்கும் மேலே, அந்தந்தச் சேரியில் நிலத்துக்குப் போராடியவர்கள், முதல் பள்ளிக்கூடம் வைத்தவர்கள், ஊரை எதிர்த்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்த கிழவிகள் இருக்கிறார்கள். அந்தப் பெயர் பக்கத்துச் சேரியில் இருக்காது. இதைக் கிராமசபையில் வைத்து முடிவு செய்கிறோம் என்பார்கள். கிராமசபையில் கை தூக்கும் எண்ணிக்கை யாருடையது? தெருவில் குடியிருப்பவர்கள் கூடித்தான் அந்தத் தெருவின் பெயரை முடிவு செய்ய வேண்டும்.

'இப்பதான் செல்லுல மேப் இருக்கே' என்று ஒரு மாணவர் கேட்டார். செல் காட்டும் புள்ளி சில நேரம் இரண்டு தெரு தள்ளி விழுகிறது. அடிபட்டவன் போன் செய்வதுமில்லை, பக்கத்தில் இருப்பவன்தான் செய்கிறான், அவனும் பதட்டத்தில். அவன் வாயில் சட்டென்று வருகிற பெயர் வேண்டும்.

ஆகவே பட்டியலோடு செயலர் வரும்போது பெயரோடு சேர்த்து மற்றதையும் கேளுங்கள். பலகையைச் சேரிக்கு உள்ளே நடாமல் பாதை பிரியும் மெயின் ரோட்டில் நடச் சொல்லுங்கள், இரவில் தெரிகிற மாதிரி. வீட்டுக்கு வீடு வரிசையாக எண் போடச் சொல்லுங்கள். வண்டி திரும்ப முடியாத சந்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். புதுப்பெயர் 108 காரர்களின் பட்டியலுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தபாலாபீசுக்கும் எழுத்தில் போயாக வேண்டும். கொஞ்ச காலத்துக்கு அவர்களுடைய பதிவேட்டில் மட்டும் பழைய பெயரும் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும், யாராவது பதட்டத்தில் பழையதைச் சொன்னாலும் வண்டி வந்து சேருவதற்காக. பலகையில் அது வேண்டாம்.