நெஞ்சைத் திற என்பவர் யார்?

கொதிகலன் முன் நிற்கும் தோழரிடம் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறது சட்டம். பேருந்தின் சக்கரத்தைப் பிடிப்பவரிடம் உரிமம் கேட்கிறது. கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும்! அழுத்தம் மிஞ்சினால் கலன் வெடிக்கும். கருகுவது தொழிலாளியின் உடல்தானே? ஆனால் உள்ளம் கொதித்து, உறக்கம் கெட்டு, இனி வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்போடு ஒருவன் வந்து உட்காருகிறானே, அவன் எதிரே அமர்ந்து, "சொல்லப்பா, மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்" என்கிறாரே ஒருவர், அவரிடம் சான்றிதழ் கேட்பவர் யார்?

சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. சட்டம் போட்ட ஒரு தாள். மரச் சட்டந்தான், அரசாங்கச் சட்டமல்ல! தெருமுனையில் 'மனநல ஆலோசகர்' என்றொரு பலகை. தொழில் தொடங்கியாயிற்று.

நாட்டிலே இதற்குச் சட்டமே இல்லையோ என்றால், இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்பவரின் பெயர் மன்றத்தின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அவர் யார் என்று வரையறுத்திருக்கிறது. மன்றம் ஏற்ற தகுதி வேண்டும் என்கிறது. உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேலும் இரண்டாண்டு முழுநேரம் நோயாளிகளிடையே மேற்பார்வையில் பயின்று வரும் வழியையும் அது காட்டுகிறது. மருந்து எழுதும் மனநல மருத்துவர் வேறு, இவர் வேறு. சோதனைகளால் நோயை அறிந்து, பேச்சாலும் பழக்கத்தாலும் குணம் தேடித் தருவது இவர் வேலை.

பேசுவதற்கா இரண்டாண்டுப் படிப்பு என்று சிரிப்பவர்கள் உண்டு. மேடையேறிப் பேசிப் பழகிய நாமும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவர்கள்தான். பேச்சு எளிது. எப்போது பேசக்கூடாது என்பதுதான் கடினம். சோர்ந்து படுத்திருப்பவனை "சோம்பலை விடு" என்று அதட்டுகிறார் பயிலாதவர். பயின்றவரோ, இது மனச்சோர்வா, அல்லது தைராய்டுச் சுரப்பி குறைந்ததால் வந்த உடல் நோயா என்று ஐயுற்று, இரத்தம் சோதிக்க மருத்துவரிடம் அனுப்புகிறார். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று அஞ்சி வாய் மூடுகிறார் பயிலாதவர். பயின்றவர் நேராகவே கேட்கிறார், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை, கேட்டால்தான் காப்பாற்ற வழி பிறக்கும் என்று அவர் கற்றிருக்கிறார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மூத்தவர் முன் எடுத்து வைத்து, எங்கே தவறினாய் என்று கேட்கப்பட்டு, தலைகுனிந்து கற்ற பாடம் அது.

இதையெல்லாம் மீறி, பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்யும்? ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஒரு வேளைப் பேச்சுக்கே அந்தத் தொகையை வாங்கிவிடுகிற ஆலோசகர்கள் நகரங்களில் இருக்கிறார்களே! மற்ற உளவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் பதிவேடு வேண்டுமென்று 2021ல் வேறொரு சட்டம் வந்தது. வரவேற்போம். ஆனால் பலகைகள் இன்னும் இறங்கவில்லை.

தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ் இயந்திரத்திலே பக்கத்துத் தோழனின் விரல்கள் போனதைக் கண்ணால் கண்டவன் ஒருவன். அன்று முதல் அவனுக்கு உறக்கமில்லை. இயந்திரத்தின் அருகே போனால் கை நடுங்குகிறது. நிர்வாகம் பரிவோடு ஆலோசகரிடம் அனுப்புகிறது. அவனும் நம்பிச் சொல்கிறான், நடுக்கத்தைச் சொல்கிறான், அதை மறக்கக் குடிப்பதைச் சொல்கிறான், மேஸ்திரி மீதுள்ள ஆத்திரத்தைச் சொல்கிறான். மறு வாரம் மேலாளரின் மேசையில் ஒரு குறிப்பு: 'இயந்திர வேலைக்குத் தகுதியற்றவர், குடிப்பழக்கமுள்ளவர்.' மருந்து கேட்டுப் போனவனுக்குக் கிடைத்தது வேலை நீக்கம்!

கூலி கொடுப்பவர் முதலாளி, நோயாளியோ தொழிலாளி. அப்படியானால் உளவியலாளர் யாருடைய ஆள்? பயிற்சி பெற்றவருக்கு இதில் குழப்பம் இருக்கக்கூடாது. இந்த அறையில் பேசுவது எதுவரை போகும், யாரிடம் போகும் என்பதை முதல் சொல்லிலேயே நோயாளிக்கு விளக்கி, அவன் இசைவு பெற்ற பிறகே அவர் தொடங்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோயாளியின் செய்தியை மறைவாகக் காப்பது அவனுடைய உரிமை என்கிறது. விதிவிலக்கும் உண்டு: சிகிச்சையில் பங்குள்ள மற்ற மருத்துவர்களுக்குச் சொல்லலாம், பிறர் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வரும் என்றால், தடுப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லலாம், நீதிமன்றம் ஆணையிட்டால் சொல்லலாம். மேலாளர் கேட்டால் சொல்லலாம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. நெறி பிறழ்ந்தவர் பதிவு பெற்றவராக இருந்தால் பெயரை ஏட்டிலிருந்து அடிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பலகைக்காரருக்கு? ஏட்டிலே இல்லாத பெயரை எப்படி அடிப்பது?

மறைவு காப்பது ஏன் அவ்வளவு பெரிது என்றால், அதில் நம் குற்றமும் இருக்கிறது. சென்னையின் மனநோய் மருத்துவமனை 1794ல் தோன்றி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குப் புகல் கொடுத்த இடம். அந்த ஊர்ப் பெயரை நாம் என்னவாக்கினோம்? வசைச் சொல்லாக்கினோம். எதிர்க்கட்சிக்காரரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள் என்று மேடையிலே முழங்கிக் கைதட்டு வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு. இதை எழுதுகிற நாமும் வாங்கியிருக்கிறோம். அந்தக் கைதட்டலைக் கேட்ட பிறகு எந்தத் தோழன் துணிந்து மருத்துவமனை வாசலை மிதிப்பான்?

வாசலை மிதிக்காதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகைக் காப்பகம் தீப்பற்றியது. 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியிட்டுப் பிணைத்திருந்தார்கள்! பயின்றவர் எவரும் இல்லாத இடத்தில் பூட்டும் சங்கிலியுமே வைத்தியமாயின. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

"தகுதி, தகுதி என்கிறீர்களே, தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2015-16ல் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருக்கிறது என்றது. நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சையின்றி இருக்கிறார்கள் என்றது. ஆளில்லை என்பது உண்மை. அதற்காக ஓட்டுநர் பற்றாக்குறை என்று உரிமமில்லாதவனிடம் பேருந்தைக் கொடுப்போமா? அரசுக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்குக! பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தருக, பெற்றவன் காசுள்ளவன் மட்டுமே இந்தப் படிப்பைப் படிக்கும் நிலை மாற! 1996 முதல் நடைபெறும் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர் இடங்களைக் காலியாக விடாதீர்! ஊர்ச் செவிலியரும் தொண்டரும் துணை நிற்கலாம், பயின்றவரின் மேற்பார்வையில்.

அதுவரை? அறைக்குள் நுழையும் தோழர் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: "உங்கள் பதிவு எண் என்ன? நான் சொல்வது யார் யாருக்குப் போகும்?" முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடட்டும். தொழிற்சங்கச் செயலாளர்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சிலே, போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஆலை அமர்த்தும் உளவியலாளர் பதிவு பெற்றவராக இருப்பார், தொழிலாளி அவரிடம் சொன்ன எதுவும், அவனுடைய கையெழுத்து இசைவின்றி நிர்வாகத்தின் கோப்புக்குள் போகாது.