வாளை வீசியவன் மட்டும்தான் குற்றவாளியா?

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவிலிருந்த மதராசி கேம்ப் இடித்துத் தள்ளப்பட்டது. பாராபுல்லா வடிகாலை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக நின்ற சுமார் 370 தமிழ்க் குடிசைகளில், 189 குடும்பங்களுக்கு மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்றது அதிகார வர்க்கத்தின் கணக்கு. அந்த மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அலைந்த அதே மாதத்தில்தான் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்திலிருந்து அஜித்குமாரின் மரணச் செய்தி வந்தது.

கேம்ப் பெண்களில் பலர் வீட்டு வேலைத் தொழிலாளர்கள். எந்த வீட்டில் நகை காணாமற்போனாலும் சந்தேகம் முதலில் தங்கள்மீதே விழும் என்பதை அறிந்தவர்கள். நகைத் திருட்டுப் புகாரின்பேரில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தாய் கேட்டார்: “அடிச்சவங்களப் பிடிச்சாச்சு, சரி. வலிப்பு வந்து செத்தான்னு எழுதுனவன யாரு தோழர் பிடிப்பா?”

அக்கேள்விக்கு நாம் விடை தேடியாக வேண்டும். அஜித்குமார் தப்பியோட முயன்று விழுந்தார், வலிப்பு வந்தது என்பதே முதலில் சொல்லப்பட்ட கதை. அவர் உடலில் இருந்தவையோ நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் உருண்டு தாமே காயப்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை கூறியது. அன்றைய முதலமைச்சரின் அறிக்கை மூச்சுத்திணறல் என்றும் உடல்நலக் குறைவு என்றும் பேசியது. 2022இல் சென்னையில் விக்னேஷ் இறந்தபோதும் சட்டமன்றத்தில் தரப்பட்ட விளக்கம் வலிப்புதான். பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் வெளிப்பட்ட பிறகே அது கொலை வழக்காயிற்று. ஆட்சிகள் மாறின, சொற்கள் மாறவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்கள் நன்கு பழக்கமானவை. எந்த மொழியில் எழுதினாலும் இவற்றின் பொருள் ஒன்றே: அடித்தவனுக்கு அரசு துணை நிற்கிறது.

இத்தகைய சொற்களை உருவாக்குவோர் உலகெங்கும் உள்ளனர். 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் எழுதிய குறிப்பு, உறுப்புச் செயலிழப்புக்கு நிகரான வலி இருந்தால்தான் உடல்வதை சித்திரவதையாகும் என்று வரையறுத்தது. அதில் கையொப்பமிட்ட ஜே பைபி தண்டிக்கப்படவில்லை. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாக உயர்த்தப்பட்டார். ஆனால் 1947இல் நியூரம்பெர்க்கில் நாஜி அரசின் நீதிபதிகளையும் நீதித்துறை அதிகாரிகளையும் கூண்டில் ஏற்றிய முன்னுதாரணமும் வரலாற்றில் உண்டு.

நம் மண்ணிலும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மீது நடத்தப்பட்ட கொடுமையை ஆட்சியாளர் மறுத்தனர். செங்கொடி இயக்கமும் மலைவாழ் மக்களும் ஓயாது போராடியதால் 2011இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 215 பேர் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று அத்தண்டனையை உறுதிசெய்த சென்னை உயர்நீதிமன்றம், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. தீர்ப்பின் மிக முக்கியமான பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆயினும் அது வருவதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

சிலப்பதிகாரத்திலும் தொடக்கம் ஒரு நகைத் திருட்டுப் புகார்தான். அங்கும் முறையான விசாரணை இல்லை. கண்ணகி கோவலனை வெட்டிய காவலனைத் தேடிப் போகவில்லை. கொலைக்கு ஆணையிட்டு, அது நீதியே என வாதிட்ட மன்னனின் அவைக்கே சென்றாள். பொறுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதைத் தமிழ் மரபு அன்றே அறிந்திருந்தது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அவ்வுடன்படிக்கை உடந்தையாக இருப்பதையும் குற்றமாகவே கருதுகிறது. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியாகிவிட்டது. பொது ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற பழைய கவசமோ, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். உடன்படிக்கை ஏற்புறுதி செய்யப்பட்டுத் தனிச்சட்டம் இயற்றப்பட வேண்டும். காவல் சித்திரவதை வழக்குகளில் முன்அனுமதி என்னும் கவசம் நீக்கப்பட வேண்டும். பொய்க் காரணம் எழுதிய அதிகாரியும், அறிந்தே அதில் கையொப்பமிட்டவரும் உடந்தையாளராகச் சேர்க்கப்பட வேண்டும். அடிமட்டக் காவலர் ஐவரைக் கைது செய்துவிட்டு, மேலதிகாரியை இடமாற்றத்தோடு விடுவது நீதியாகாது. மடப்புரத்துத் தாயிடம் முதலமைச்சர் வருத்தம் தெரிவித்ததும், விசாரணையை சிபிஐக்கு மாற்றியதும் வரவேற்கத்தக்கவை. எனினும் மன்னிப்பு தண்டனைக்கு மாற்றாகாது. தோழமைக் கட்சியின் ஆட்சி என்பதால் இக்குரலை நாம் தாழ்த்திக்கொள்ளலாகாது. வாச்சாத்தி நமக்குக் கற்பித்த பாடம் அதுவன்று.

கேம்ப்பின் அந்தத் தாய் இன்று எங்கோ வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.