2036-ஐக் கேட்பதற்கு முன்

2024 பாரிஸ் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இந்தியாவுக்கு 71-வது இடம். ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். நமக்கு மேலே பாகிஸ்தான் இருக்கிறது. கரீபியக் கடலின் சின்னஞ்சிறு தீவுகளான செயின்ட் லூசியாவும் டொமினிக்காவும் இருக்கின்றன. அந்தப் போட்டி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 1 அன்று, 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புகிறோம் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தது. 2024-ல் யார் வென்றார்கள், எப்படி வென்றார்கள் என்று பார்க்கும் எவருக்கும் அந்தக் கடிதத்தின் அவசரம் உறுத்தும். அந்தக் கோரிக்கையை இப்போதைக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஆகஸ்ட் 3, பெண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டி. மழையில் நனைந்த ஓடுபாதை. அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்சன்தான் வெல்வார் என்று உலகமே எதிர்பார்த்தது. 10.72 விநாடியில் முதலாவதாக வந்தவர் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட். ஏறத்தாழ 1.8 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். அங்கே 2009-ல் ஒரு மருத்துவமனை தீப்பிடித்து எரிந்தபோது நோயாளிகளைத் தங்கவைக்க நாட்டின் முக்கிய மைதானத்தை எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகம் என்று சொன்னது பல ஆண்டுகள் நீடித்தது. பள்ளிச் சீருடையில் வெறுங்காலோடு ஓடிப் பழகியதை ஆல்ஃபிரட் வெற்றிக்குப் பிறகு நினைவுகூர்ந்தார். இந்தப் பதக்கத்தால் ஊரில் ஒரு நல்ல மைதானம் எழ வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஆசை.

செயின்ட் லூசியாவின் வறுமையைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆல்ஃபிரட் உருவான இடம் வேறு. 14 வயதில் உதவித்தொகை பெற்று ஜமைக்காவின் பள்ளிக்குப் போனார். பிறகு அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகம். ஜமைக்காவில் 1910 முதல் பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டி நடக்கிறது. ‘சாம்ப்ஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் போட்டியைப் பார்க்க கிங்ஸ்டனின் தேசிய அரங்கம் நிரம்பி வழியும். எதிர்காலத்தில் பதக்கம் வெல்லப்போகிறவர்கள் பதினைந்து, பதினாறு வயதிலேயே பல்லாயிரம் பேர் முன்னால் ஓடித் தோற்று, மறுபடி ஓடி வென்று பழகிவிடுகிறார்கள். ஒலிம்பிக்கை ஒருமுறைகூட நடத்தாத நாடு ஜமைக்கா. நடத்த வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

ஈட்டி எறிதலில் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனை படைத்தார் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம். 89.45 மீட்டர் எறிந்த நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், தன்னிடம் இருக்கும் பழைய ஈட்டி தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று நதீம் வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. தங்கத்தோடு ஊர் திரும்பியதும் கோடிக்கணக்கில் பரிசுகள் குவிந்தன, 92.97 என்ற எண்ணோடு காரும் வந்தது. அந்தப் பணத்தின் சிறு பகுதி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவரது ஊரான மியான் சன்னு பகுதியின் பிள்ளைகளுக்குப் போயிருந்தால் இன்னும் எத்தனை நதீம்கள் கிடைத்திருப்பார்கள்? நீரஜின் தாயார், அர்ஷத்தும் எங்கள் பிள்ளைதான் என்று சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம். பதக்கம் வந்த பிறகே பையைத் திறக்கும் பழக்கமோ எல்லைக்கு இருபுறமும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் பக்கத்தை 2024-ல் மிக நன்றாகக் காட்டியது சதுரங்கம். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், சமநிலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். சென்னையின் 18 வயது குகேஷ் 7.5–6.5 என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார். காஸ்பரோவ் 22 வயதில் செய்ததை நான்கு ஆண்டு குறைந்த வயதில் செய்து முடித்தார். தமிழக அரசு ரூ.5 கோடி பரிசு அறிவித்தது. அதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் குகேஷ் அந்த மேசைக்கு எப்படிப் போனார்? 2023 டிசம்பரில், உலக சாம்பியனுக்கு எதிராக ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கான ஒரு வாய்ப்பு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆதரவோடு ‘சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ்’ போட்டி நடந்தது. மொத்தப் பரிசுத் தொகை ரூ.50 லட்சம். அர்ஜுன் எரிகைசியோடு சமப் புள்ளிகள் பெற்று, டைபிரேக்கில் முதலிடம் பிடித்தார் குகேஷ். அந்தப் புள்ளிகள்தான் அவரைக் கேண்டிடேட்ஸுக்குக் கொண்டுபோயின. ஏப்ரலில் டொரண்டோவில் அதை வென்றார். ஆண்டின் முடிவில் உலகப் பட்டத்தையும் வென்றார். கடைசி நேரத்தில் அவசரமாக ஏற்பாடான போட்டி என்று அன்று சிலர் குறை சொன்னார்கள். அந்த அவசரத்தை நாம் வரவேற்கிறோம். பிறகு கொடுத்த ரூ.5 கோடி குகேஷின் குடும்பத்துக்கு நன்றி. முன்பு செலவழித்த ரூ.50 லட்சம் ஓர் உலக சாம்பியனுக்கு வழி. ஓர் அரசின் விளையாட்டுப் பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டிய வரி இரண்டாவதுதான்.

அந்த ஒரு போட்டியால் மட்டும் எல்லாம் நடந்துவிடவும் இல்லை. மானுவல் ஆரோன் 1961-ல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனதும், சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-ல் மிகாயில் தால் பெயரில் சதுரங்கச் சங்கம் தொடங்கியதும், அங்கே ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் ஒன்றோடொன்று தொடர்ந்து வந்தவை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில், ஏதாவது ஒரு பள்ளியில், பத்து வயதுப் பிள்ளைகள் மேசைமேல் குனிந்திருக்கும் ஊர் சென்னை. எதிரே உட்கார ஆள் இருக்கிறார், சொல்லித்தர ஆள் இருக்கிறார், தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு போட்டி இருக்கிறது. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாடில் பொது, பெண்கள் என இரு பிரிவிலும் இந்தியா தங்கம் வென்றது இந்த அடர்த்தியால்தான். அப்படியும்கூட, காது மூக்கு தொண்டை மருத்துவரான குகேஷின் தந்தை தொழிலை விட்டுவிட்டு மகனோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. நண்பர்கள் பணம் கொடுத்தார்கள். மருத்துவர் வீட்டிலேயே இந்த நிலை என்றால் கூலி வேலை செய்பவர் வீட்டில் என்ன நடக்கும்?

காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனிடம் கேட்கலாம். தினக்கூலி வேலை பார்த்த தந்தையே பயிற்சியும் கொடுத்தார். பாரிஸ் பாராலிம்பிக் பாட்மிண்டனில் துளசிமதிக்கு வெள்ளி. மனிஷா ராமதாஸுக்கும் நித்ய ஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். உயரம் தாண்டுதலில் சேலத்து மாரியப்பன் தங்கவேலுவுக்குத் தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக்கிலும் பதக்கம். இந்தியாவுக்கு மொத்தம் 29 பதக்கங்கள். 2016-ல் நான்கு, டோக்கியோவில் 19. எட்டே ஆண்டில் இத்தனை வளர்ச்சி கண்ட இன்னொரு துறை நம் நாட்டு விளையாட்டில் இல்லை. அதற்குக் கிடைத்த தொலைக்காட்சி நேரத்தையும் நாளிதழ் இடத்தையும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பத்திரிகைகளான எங்களுக்கும் அதில் பங்குண்டு.

நியூசிலாந்தைப் பாருங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 53 லட்சம், சென்னையைவிடச் சிறியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்துத் தங்கம். 2024 அக்டோபர் 20 அன்று பகலில் அவர்களுடைய ஆண்கள் கிரிக்கெட் அணி, 36 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மண்ணில் டெஸ்ட் வென்றது. பெங்களூருவில் நம் முதல் இன்னிங்ஸ் 46 ரன். அன்றிரவு துபாயில் பெண்கள் அணி டி20 உலகக் கோப்பையைத் தூக்கியது. டெஸ்ட் தொடரோ 3–0 என்று முடிந்தது. கிரிக்கெட்டிலும் படகிலும் கால்ஃபிலும் ஒரே சமயத்தில் ஒரு சிறிய நாடு உயர்ந்து நிற்கிறது என்றால் அதற்கு வேர் பள்ளியிலும் ஊர்ச் சங்கத்திலும் இருக்கிறது.

நடத்துபவர்களுக்குப் பதக்கம் கூடும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். டோக்கியோவில் 33 பதக்கம் வென்ற பிரான்ஸ் சொந்த மண்ணில் 64 வென்றது. ஆனால் பிரிட்டனின் வரிசையைக் கவனியுங்கள். 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கம் வென்று அவமானப்பட்ட நாடு, 1997 முதல் லாட்டரிப் பணத்தை வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் திருப்பியது. லண்டன் ஒலிம்பிக் வந்தது 15 ஆண்டு கழித்து. வீரர்களை முதலில் வளர்த்தார்கள், அரங்கம் பின்னால் வந்தது. நாமும் ஒருமுறை வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறோம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 101 பதக்கம் வென்றோம். ஊழல் வழக்குகளும் வந்தன. ஆறே ஆண்டில் ரியோவில் நமக்குக் கிடைத்தவை இரண்டு பதக்கம்.

பாரிஸில் நமக்கு ஆறு நான்காம் இடங்கள் கிடைத்தன, மீராபாய் சானு ஒரே கிலோவில் பதக்கத்தைத் தவறவிட்டார், வினேஷ் போகத் நூறு கிராமில் இறுதிப் போட்டியை இழந்தார், எனவே அதிர்ஷ்டமில்லை என்கிறார்கள். அந்த வீரர்களின் வலி பெரிது. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 140 கோடிப் பேருக்கு 117 பேர் மட்டுமே போனார்கள் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? அந்த 117 பேரைத் தயார் செய்ய மூன்றாண்டில் அரசு செலவிட்டது சுமார் ரூ.470 கோடி. பார்படாஸில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய ஆண்கள் அணிக்குக் கிரிக்கெட் வாரியம் ஒரே நாளில் அறிவித்தது ரூ.125 கோடி. அது வாரியத்தின் சொந்தப் பணம், கொடுக்க அதற்கு உரிமை உண்டு. ஒலிம்பிக் ஆசையின் அளவுக்கும் அதற்கான செலவின் அளவுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த இரண்டு தொகைகளும் காட்டுகின்றன.

கடிதம் கொடுத்த வீட்டுக்குள்ளும் ஒழுங்கு இருக்கவில்லை. ஒலிம்பிக் சங்கத்தில் தலைவர் பி.டி. உஷாவுக்கும் செயற்குழுவினருக்கும் தலைமைச் செயல் அலுவலர் நியமனத்தை ஒட்டி 2024-ல் மோதல் எழுந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2022 கணக்கில், 2,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளுள் பிடிபட்டோர் விகிதம் இந்தியாவில்தான் அதிகம். மூன்று விழுக்காட்டுக்கும் மேல். விருந்துக்கு அழைக்கும் முன் இவற்றைச் சரிசெய்யக் கூடாதா?

2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எத்தனை பள்ளிகளில் அது இருக்கிறது, எத்தனையில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார் என்று மாவட்ட வாரியாக மத்திய, மாநில அரசுகள் வெளியிடட்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தலைமை ஆசிரியர்கள் நிறுத்தட்டும். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் பதில் ஆண்டு முழுதும் வார இறுதியில் லீக் நடக்கட்டும். பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் அரசு தரட்டும். பதக்கம் வென்ற பிறகு தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிகராக ஒரு ரூபாய், அந்த வீரர் பிறந்த மாவட்டத்தின் பள்ளி மைதானங்களுக்குப் போகட்டும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மத்திய பட்ஜெட் வருகிறது. 2036-க்கான முடிவு அத்தனை சீக்கிரம் வராது. ஒலிம்பிக் குழுவுக்குப் புதிய தலைவரே 2025 மார்ச்சில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடிதத்தை மறுபரிசீலனை செய்ய நேரம் இருக்கிறது. அடுத்த பட்ஜெட்டில் பள்ளி மைதானங்களுக்கென்று தனித் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை விளையாட்டு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.